வாண்டா ஆர்க்கிட்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடியில் தொங்கும் என் வாண்டா செடிகளைப் பார்த்தவர்கள், பார்த்த ஆசையில் ஒன்று வாங்கிப் போனவர்கள், வாங்கிய ஆறு மாதத்தில் வாடிய செடியோடு திரும்பி வந்தவர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். கேட்டவர்கள் பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பதில்கள் சென்னை வெயிலில் வளர்த்த பழக்கத்தில் சொன்னவை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்கள் தண்ணீர், வெயில் அளவுகளை உங்கள் குளிருக்குத் தகுந்தபடி குறைத்துக்கொள்ளுங்கள்.

வாண்டான்னா எது? கடையில விக்கிற ஆர்க்கிட் எல்லாம் ஒண்ணுதானே?

நர்சரிகளில் அதிகம் கிடைப்பவை டென்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ், வாண்டா என்ற மூன்று இனங்கள். டென்ட்ரோபியம் கரும்பு மாதிரி கணுவிட்ட தண்டாக வந்து, பக்கத்திலேயே அடுத்த தண்டைப் போடும். ஃபலனாப்சிஸ் நாலைந்து அகல இலைகளோடு தாழ்வாக உட்கார்ந்திருக்கும். வாண்டாவுக்கு ஒரே தண்டு, அது நுனியில் இலை விட்டுக்கொண்டு மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். இலைகள் இரண்டு பக்கமும் விசிறி போல அடுக்கடுக்காக வரும், அந்த அடுக்குக்குள்ளிருந்தே பூத்தண்டும் வரும், பென்சில் தடிமனுக்கு வேர்களும் வரும்.

இந்தியா, இலங்கையில் தொடங்கி தாய்லாந்து, மலேசியா, பிலிப்பைன்ஸ் வழியாக வட ஆஸ்திரேலியா வரை இவை இயற்கையாக வளர்கின்றன. கிழங்கு போன்ற சேமிப்பு உறுப்பு எதுவும் இந்தச் செடிக்கு இல்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தண்ணீர் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

மரத்து மேல வளருதே, இது புல்லுருவி தானே? மாமரத்துல கட்டினா மரம் செத்துடாதா?

சாகாது. புல்லுருவி கிளைக்குள் வேரை இறக்கி மரத்தின் சாற்றை உறிஞ்சும். வாண்டா பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்காரும், அவ்வளவுதான். மழை, பனி, காற்று கொண்டுவரும் தூசி, பட்டையில் வழியும் நீர் இவற்றில் கிடைப்பதே அதன் சாப்பாடு. இப்படிப்பட்டவற்றைத் தொற்றுச்செடி என்பார்கள்.

உங்கள் சந்தேகம் இன்று நேற்று வந்ததில்லை. வாண்டா என்ற பெயரே வந்தாகா என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. மரத்தின் மேல் வளரும் செடிகளையெல்லாம், புல்லுருவியையும் சேர்த்தே, அப்படி அழைத்திருக்கிறார்கள். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ் அந்தச் சொல்லை எழுத்தில் கொண்டுவந்தார். 1820ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் அதையே இனப்பெயராக வைத்தார். உலகம் முழுக்க ஆர்க்கிட் பிரியர்கள் சொல்கிற பெயர் நம் பக்கத்துச் சொல் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம்.

அப்போ இது நம்ம ஊர்ச் செடியா? தாய்லாந்துல இருந்து வர்றதுன்னு சொன்னாங்களே.

கடையில் தொங்கும் பெரிய பூக் கலப்பினங்களில் பெரும்பாலானவை தாய்லாந்தில் உருவானவைதான். ஆனால் இந்த இனத்துக்கே அடிப்படையாக வைக்கப்பட்ட வாண்டா டெசலாட்டா, நம் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் சமவெளி மரங்களிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் தானாக வளர்வது. பூ நாலைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். இதழின் முன்பக்கம் பச்சை கலந்த மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்டது போல நரம்புகள் ஓடும். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. நடுவில் உதடு மாதிரி நீலம் கலந்த ஊதா இதழ். டெசலாட்டா என்றால் கட்டம் கட்டமாக ஓடு பதித்தது என்று பொருள், பூவைக் கையில் வைத்துப் பார்த்தால் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று தெரியும். வங்காளத்தில் இதன் வேரை ராஸ்னா என்று மருந்தில் சேர்ப்பார்கள்.

வாண்டா ஸ்பாதுலாட்டா என்று இன்னொன்று, பொன்மஞ்சள் பூ. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. பிற்பாடு அதைத் தனி இனமாகப் பிரித்து, இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரோபேன் என்பதை வைத்து தப்ரோபேனியா என்று பெயரிட்டார்கள். இவற்றையெல்லாம் பார்க்க ஆசை இருந்தால், ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

முதல் தடவை வாங்கறேன், எதை வாங்கட்டும்?

முதலில் இலையைப் பாருங்கள். பட்டை இலை என்றால் தட்டையாக, நடுவில் மடிந்து வாய்க்கால் போல இருக்கும். கடையில் கிடைப்பதில் பெரும்பங்கு இதுதான். பென்சில் இலை என்றால் உருண்டையாக முருங்கை ஈர்க்கு மாதிரி இருக்கும், இதற்கு முழு வெயில் வேண்டும், கம்பு நட்டுத் தரையிலேயே வளர்க்கலாம். இரண்டையும் கலந்த அரை உருளை இலைக்காரர்களும் உண்டு.

பால்கனியில் ஓரளவு வெயில்தான் வரும் என்றால் சின்னப் பூ விடும் பட்டை இலைக் கலப்பினம் வாங்குங்கள். அஸ்கோசெண்டா என்று பழைய பெயரில் விற்பார்கள், அந்தப் பெயர்க் குழப்பத்தைக் கீழே சொல்கிறேன். செடி சிறியது, சீக்கிரம் பூக்கும், வருடத்தில் இரண்டு மூன்று முறைகூடப் பூக்கும். வாங்கும்போது பூவை மறந்துவிட்டு வேரைப் பாருங்கள். நுனி பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ பளபளவென்று ஒரு சென்டிமீட்டராவது இருந்தால் அந்த வேர் வளர்ந்துகொண்டிருக்கிறது. பத்து பூவோடு காய்ந்த வேர் இருக்கும் செடியைவிட, பூவே இல்லாமல் நாலு உயிர்வேர் இருக்கும் செடி எவ்வளவோ மேல்.

மண்ணே இல்லாம தொங்குது, பார்க்கவே பாவமா இருக்கு. தொட்டியில வெச்சா நல்லா வராதா?

பாவப்பட வேண்டாம். நானும் பாவப்பட்டுத்தான் என் முதல் வாண்டாவைத் தேங்காய்நார்க் கழிவு நிரப்பிய தொட்டியில் இறக்கினேன், விற்ற நர்சரியிலும் அப்படித்தான் சொன்னார்கள். நாற்பது நாளில் எடுத்துப் பார்த்தபோது வேரின் மேலுறை கையோடு கழன்று வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிச்சம். அந்தச் செடியைக் காப்பாற்ற முடியவில்லை.

வேரின் மேல் இருக்கும் வெள்ளி நிற உறை ஒரு பஞ்சு. காய்ந்த வேரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், கண்ணெதிரிலேயே வெள்ளி நிறம் மறைந்து பச்சை பரவும். உறை தண்ணீரைக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆவதால் உள்ளே இருக்கும் பச்சையம் தெரிகிறது. அந்தப் பஞ்சு நனைய வேண்டும், நனைந்தபின் சில மணி நேரத்தில் உலரவும் வேண்டும். ஈரம் உள்ளேயே நின்றால் அழுகிவிடும். அதனால்தான் மரச்சட்டக் கூடையிலோ பிளாஸ்டிக் கூடையிலோ சும்மா தொங்கவிடுகிறோம். பிடிமானத்துக்கு நாலைந்து கட்டைக்கரித் துண்டு போட்டால் போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?

சேமிப்பு உறுப்பு இல்லாத செடி என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா, அதனால் தினமும் வேண்டும். காலையில் வேர் முழுக்கப் பச்சையாகும் வரை. ஒரு முறை தெளித்துவிட்டுப் போகாமல், ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊற்றுங்கள், இரண்டாவது முறைதான் வேர் நிறையக் குடிக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் பிற்பகலிலும் ஒரு முறை. அடைமழைக் காலத்தில் நாம் ஒன்றும் செய்ய வேண்டாம்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஊற்றாதீர்கள். இலை அடுக்கின் நடுவில் தண்ணீர் இரவெல்லாம் நின்றால் குருத்து அழுகும். ஒரே தண்டுச் செடிக்குக் குருத்து போனால் அந்தத் தண்டின் வளர்ச்சி அதோடு நின்றுவிடும்.

எங்க வீட்ல போர் தண்ணிதான். பரவாயில்லையா?

உப்பைப் பொறுத்தது. உப்பு அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 200க்குள் காட்டினால் தாராளமாக ஊற்றலாம். அதற்கு மேல் போகப் போக வேர்நுனி கருகும், இலையில் வெள்ளைப் படலம் படியும். மழைநீர்தான் இதற்கு அமிர்தம், இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்தால் நாலைந்து செடிக்குப் பல வாரம் வரும். ஆர்.ஓ. இயந்திரம் குடிக்கத் தரும் தண்ணீர் நல்லது. அது கழித்து வெளியே விடும் தண்ணீரில் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும், சிக்கனம் என்று நினைத்து அதை ஊற்றுபவர்களை நிறையப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

வெயில்ல வைக்கணுமா நிழல்லயா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

இலையைக் கேளுங்கள். கரும்பச்சையாக, நீளமாகத் துவண்டிருந்தால் வெளிச்சம் போதவில்லை. இளம்பச்சையாக விறைத்து நின்றால் சரியாக இருக்கிறது. செம்புள்ளிகள் தெளித்த மாதிரி வந்தால் எல்லைக்கு வந்துவிட்டது, இதற்கு மேல் வேண்டாம். வெளுத்து, பிறகு காகிதம் மாதிரி காய்ந்தால் அது தீக்காயம், ஆறாது. பட்டை இலைக்கு 50 சதவீத நிழல்வலை எனக்குச் சரியாக இருக்கிறது. காலை வெயில் நேராகப் பட்டாலும் கெடுதல் இல்லை.

உரம் போடணுமா? சாணி கரைச்சு ஊத்தலாமா?

சாணிக் கரைசல் வேரின் பஞ்சை அடைத்துவிடும், வேண்டாம். மண்ணே இல்லாததால் உரம் கட்டாயம். 19:19:19 என்று பாக்கெட்டில் கிடைப்பதை ஒரு லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை கரைத்து வாரம் ஒரு முறை தெளியுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டு, பிறகு உரம். வாரத்தில் ஒரு நாள் வெறும் தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டால் உப்பு தங்காது.

ரெண்டு வருஷமா இலை இலையா வருது, பூவே இல்ல. என்ன பண்ணட்டும்?

பத்தில் எட்டுப் பேருக்கு ஒரே பதில்: வெளிச்சம். மேலே சொன்ன இலை நிறத்தைச் சரிபாருங்கள். ஒரு அடி நகர்த்தி வெளிச்சம் கூடிய இடத்தில் தொங்கவிட்டதும் அடுத்த நாலு மாதத்தில் பூத்த செடிகள் என்னிடம் உண்டு.

மற்ற காரணங்கள் இரண்டு. செடி இன்னும் சின்னதாக இருக்கலாம், விதையிலிருந்து வந்த பட்டை இலைக் கன்று பூக்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். அல்லது இடம் மாற்றும்போது வேர் உடைந்திருக்கலாம். வேர் உடைந்த செடி முதலில் வேரைத்தான் தேற்றும், பூவை அப்புறம்தான் நினைக்கும்.

இலைக்கு நடுவுல ஒண்ணு முட்டிக்கிட்டு வருது. வேரா, பூத்தண்டா?

நுனியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வழவழவென்று, மழுங்கி, பளபளப்பாக இருந்தால் வேர். நுனியில் சின்னச் செதில் ஒன்று மேல் ஒன்றாக மூடி, கைவிரல் குவித்த மாதிரி இருந்தால் பூத்தண்டு. வேர் பெரும்பாலும் கீழ் அடுக்கிலிருந்து கீழ்நோக்கி வளையும், பூத்தண்டு வெளிச்சத்தைப் பார்த்து நிமிரும். பூத்தண்டு என்று தெரிந்ததும் செடியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள், மொட்டுகள் கோணலாகிவிடும். திறந்த பூ மூன்று வாரத்துக்குக் குறையாமல் நிற்கும்.

நீல வாண்டா நிஜமாவே நீலமா, சாயம் ஏத்தினதா?

வாண்டாவில் நிஜம். பளீர் நீலத்தில் விற்கும் ஃபலனாப்சிஸ்தான் தண்டில் சாயம் ஏற்றியது, அடுத்த முறை வெள்ளையாகப் பூக்கும். வாண்டாவின் நீலத்துக்கு மூலம் வாண்டா செருலியா. 1837ல் தாவரவியலாளர் வில்லியம் கிரிஃபித் மேகாலயாவின் காசி மலையில் கண்டெடுத்தது. மேகாலயா, நாகாலாந்து, மணிப்பூர் தொடங்கி மியான்மர், தாய்லாந்து வரை மலைக் காடுகளில் இருக்கிறது. வெளிர்நீலத்தில் ஆழ்ந்த நீலக் கட்டங்கள் ஓடும். மலைக் குளிரில் பிறந்ததால் நம் சமவெளிப் புழுக்கம் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

பிலிப்பைன்சில் மிண்டனாவோ தீவுக் காட்டில் வாண்டா சாண்டரியானா என்று ஒன்று. அங்கே அதன் பெயர் வாலிங்-வாலிங். உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான வட்டப் பூ, மேல்பாதி ரோஜா நிறம், கீழ்ப்பாதி பழுப்புச் சிவப்பு வலை. தாழ்நிலத்துச் செடி என்பதால் வெப்பம் தாங்கும். இந்த இரண்டையும் கலந்து 1931ல் பதிவானதுதான் வாண்டா ரோத்ஸ்சைல்டியானா: நிறம் காசி மலையிலிருந்து, வட்டமும் வெப்பம் தாங்கும் உடம்பும் மிண்டனாவோவிலிருந்து. நம் மாடிகளில் பூக்கும் பெரிய நீல வாண்டாக்கள் பெரும்பாலும் இந்த வம்சம்.

சிங்கப்பூரோட தேசிய மலரும் வாண்டாதானே? அது கிடைக்குமா?

வாண்டா மிஸ் ஜோக்கிம். சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண் ஆக்னஸ் ஜோக்கிம் தன் தோட்டத்தில் உருவாக்கியது. 1893ல் தாவரவியல் பூங்கா இயக்குநர் ஹென்றி ரிட்லி அதை உலகுக்கு அறிவித்தபோது, ஆக்னஸே இரண்டு செடிகளைக் கலந்து வெற்றி பெற்றார் என்று தெளிவாக எழுதினார். பின்னால் பலர், தேனீ தற்செயலாகச் செய்த கலப்பு என்று சொல்லிப் பார்த்தார்கள். ரிட்லி செடியைக் கையில் வாங்கிப் பார்த்து எழுதியவர், நான் அவரைத்தான் நம்புகிறேன். 1981ல் தேசிய மலராக அறிவித்தார்கள்.

இது பென்சில் இலைச் செடி. நல்ல வெயில் அடிக்கும் தரை இருந்தால் வரிசையாக நடலாம், நட்ட கம்பைத் தாண்டித் தலை வெயிலில் வளர்ந்தபின் பூத்துக்கொண்டே இருக்கும். தாவரவியலாளர்கள் பென்சில் இலைக்காரர்களைப் பாபிலியோனாந்தே என்று தனி இனமாக்கிவிட்டார்கள், பேச்சுவழக்கில் இன்னும் வாண்டாதான்.

சீட்டுல அஸ்கோசெண்டான்னு இருக்கு, கடைக்காரர் வாண்டாங்கறார். ஏமாத்தறாரா?

இல்லை, இரண்டும் சரி. அஸ்கோசென்ட்ரம் என்று குட்டிப் பூ இனம் ஒன்று இருந்தது, செந்தூரம், ஆரஞ்சு, குங்குமச் சிவப்பு எல்லாம் அதன் சொத்து. அதையும் வாண்டாவையும் கலந்தால் அஸ்கோசெண்டா. 2012ல் மரபணு ஒப்பீடுகளை வைத்து அஸ்கோசென்ட்ரத்தை வாண்டாவோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் அஸ்கோசெண்டாவும் இப்போது வாண்டா. பழைய சீட்டு மாறவில்லை, அவ்வளவுதான்.

சீட்டில் வேறொன்றைக் கவனியுங்கள். கலப்பினப் பெயர் மட்டும் இருந்தால், அதே பெற்றோரின் விதையில் வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர்தான். அண்ணன் தம்பி முகம் வேறுபடுகிற மாதிரி பூவும் வேறுபடும். பெயருக்குப் பின் மேற்கோள் குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தால், அது ஒரே தாய்ச்செடியிலிருந்து பெருக்கியது, படத்தில் பார்த்த பூவே வரும்.

மொக்காரா, வாண்டாவா?

பாதி. அராக்னிஸ் என்ற தேள் வடிவப் பூ இனத்தையும் வாண்டாவையும் அஸ்கோசென்ட்ரத்தையும் கலந்து சிங்கப்பூரில் உருவாக்கியது. கேரளத்தில் நிழல்வலைக்கடியில் வெட்டுப்பூவுக்காக நிறைய நடுகிறார்கள். வளர்ப்பு முறை வாண்டா மாதிரியேதான்.

கீழ் இலை எல்லாம் உதிர்ந்து குச்சியா நிக்குது. வெட்டிட்டா மறுபடி வருமா?

வரும், ஆனால் எங்கே வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலைகளுக்குக் கீழே குறைந்தது மூன்று நான்கு உயிர்வேர் தண்டிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த வேர்களுக்குக் கீழே, நெருப்பில் காட்டிய கத்தியால் ஒரே வெட்டு. வெட்டுவாயில் இலவங்கப்பட்டைத் தூள் அல்லது மஞ்சள்தூள் தடவி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். மேல்பகுதி செடியாகத் தொடரும். மொட்டையாக நிற்கும் அடித்தண்டையும் எறியாதீர்கள், பல சமயம் கணுவிலிருந்து புதுக் குருத்து விடும்.

மேலே வேரே இல்லையென்றால் கத்தியை எடுக்காதீர்கள். அடித்தண்டின் மேல்பகுதியில் ஈரப்பாசியைச் சுற்றிக் கட்டி வேர் விடும் வரை காத்திருங்கள். வருடத்துக்கு ஒன்றிரண்டு அடியிலை உதிர்வது இயல்பு. ஒரே மாதத்தில் நாலைந்து உதிர்ந்தாலோ, இலைகள் நீளவாக்கில் சுருங்கி வரி விழுந்தாலோ தாகம். தண்ணீர் பதிலைத் திரும்பப் படியுங்கள்.

ஆன்லைன்ல வானவில் வாண்டா விதை பாக்கெட் விக்கறாங்க. வாங்கலாமா?

வேண்டாம், காசு போய்விடும். வாண்டா விதை முகப்பவுடர் மாதிரி தூசு, ஒரு காய்க்குள் லட்சக்கணக்கில் இருக்கும். ஒவ்வொரு விதையிலும் முளைக்குத் தேவையான உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். 1922ல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் தாதுக்களும் கலந்த அகர் மேல் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கும் முறையை வெளியிட்டார், அதன் பிறகுதான் இத்தனை லட்சம் கன்றுகள் சாத்தியமாயின. கிருமி இல்லாத ஆய்வகக் கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கிற காரியம் அது. மிளகு மாதிரி கெட்டியாக உருண்டு வரும் விதை எந்த ஆர்க்கிட்டுக்கும் இல்லை.

மலைக்குப் போனப்போ மரத்துல பார்த்தேன். ஒரு கிளையோட எடுத்துட்டு வரட்டுமா? இல்ல, சிங்கப்பூர்ல இருந்து அண்ணன் கொண்டு வரலாமா?

காட்டிலிருந்து எடுக்காதீர்கள். ஒரு செடி அந்த இடத்தில் பூக்கும் அளவு வளர்ந்ததற்குப் பின்னால் பூஞ்சை, மழை, பட்டை எல்லாம் கூடிவந்த பல வருடம் இருக்கிறது, முந்தைய பதிலைப் படித்தால் புரியும். நீல வாண்டாவை ஆசைப்பட்டுப் பிடுங்கிப் பிடுங்கித்தான் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டி வந்தது. உங்கள் சொந்தத் தோப்பில் வெட்டப்போகிற மரத்தில் டெசலாட்டா இருந்தால், வெட்டுவதற்கு முன்னால் பட்டையோடு பெயர்த்துப் பக்கத்து மரத்தின் கிழக்குப் பக்கம் சணலால் கட்டிவிடுங்கள், ஒரு மழைக்காலத்தில் வேர் பிடித்துவிடும்.

அண்ணன் பெட்டியில் சும்மா வைத்துக் கொண்டுவர முடியாது. உயிர்ச்செடிக்கு இறக்குமதி அனுமதியும், அங்கிருந்து பயிர்நலச் சான்றும் வேண்டும், ஆர்க்கிட் என்பதால் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) விதிகளும் பார்ப்பார்கள். இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். அதே கலப்பினங்களை இங்கேயே முறையாக இறக்கி விற்பவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள், வாங்கும் முன் வேர்நுனியைப் பார்த்துவிட்டு.